வோர்னுக்கு வேறு கணக்கா?

முத்தையா முரளிதரன் பெரிய பந்துவீச்சாளர் அல்ல, பெரிய எண்ணிக்கை மட்டுமே என்று வரக்காப்பொல நண்பர் ஒருவர் நாலு பக்கத்துக்கு எழுதி எங்கள் வட்டத்தில் சுற்றவிட்டிருக்கிறார். உலகம் கண்ட மிகச் சிறந்த சுழல்பந்து வீச்சாளர் ஷேன் வோர்ன்தான் என்பது அவருடைய தீர்ப்பு. வோர்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள ஆயிரம் நியாயம் இருக்கிறது. அதில் எனக்கு வழக்கு இல்லை. வழக்கு, நண்பர் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த வழியில். முரளியின் விக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுகிறார். வோர்னின் விக்கெட்டுகளை மூட்டையோடு வாங்கிக்கொள்கிறார். கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சோறு தின்கிற மனிதர் செய்கிற வேலையா இது?

அவருடைய முதல் குண்டு பழைய குண்டு. அம்பேபுஸ்ஸச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூட இதைச் சொல்வார். முரளியின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 176 சிம்பாப்வேயிடமும் பங்களாதேஷிடமும் எடுத்தவை. வோர்ன் அந்த இரண்டு அணிகளிடமும் எடுத்தவை வெறும் 17. ஆகவே 800 என்பது ஊதிப் பெருத்த எண்ணாம். இவ்வளவையும் பிழையில்லாமல் எழுதிய நண்பர், சரியாக அந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டார். கழிக்கத் தொடங்கியவர் கழித்து முடிக்க வேண்டாமா? 176 விக்கெட்டுகளையும் அந்த 25 டெஸ்ட்டுகளையும் தள்ளிவிடுங்கள். முரளியிடம் மிஞ்சுவது 108 டெஸ்ட்டில் 624 விக்கெட், சராசரி 25க்குக் கீழே. வோர்னிடமிருந்து அந்த 17ஐயும் 3 டெஸ்ட்டுகளையும் தள்ளுங்கள். மிஞ்சுவது 142 டெஸ்ட்டில் 691, சராசரி 25க்கு மேலே. டெஸ்ட் ஒன்றுக்கு முரளி 5.8 விக்கெட், வோர்ன் 4.9. நண்பர் தனக்குச் சாதகமாகத் தேர்ந்தெடுத்த கணக்கிலேயே நண்பர் தோற்கிறார்.

சில்லறைக் கணக்கு வேண்டாம், பெரிய அணிகளை மட்டும் பார்ப்போம் என்றால் அதற்கும் தயார். இருவரும் பொதுவாகச் சந்தித்த பெரிய அணிகள் ஆறு. இங்கிலாந்துக்கு எதிராக முரளி ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்தது 20 ஓட்டம், வோர்ன் கொடுத்தது 23. தென்னாபிரிக்காவுக்கு எதிராக முரளி 22, வோர்ன் 24. நியூசிலாந்துக்கு எதிராக முரளி 21.5, வோர்ன் 24.4. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முரளி 20க்குள் நிற்கிறார், வோர்ன் 30ஐத் தொடுகிறார். பாகிஸ்தான் ஒன்றில்தான் வோர்ன் முந்துகிறார்: அவர் 20, முரளி 25. அதைத் தாராளமாக அவரிடமே கொடுத்துவிடலாம்.

ஆறாவது இந்தியா. நாலு பக்கக் கட்டுரையில் அந்த நாட்டின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பது நண்பருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டெண்டுல்கர், டிராவிட், லக்ஷ்மண், சேவாக் என்று சுழல்பந்தை அடித்தே வளர்ந்த பட்டாளத்துக்கு எதிராக வோர்ன் 14 டெஸ்ட்டில் எடுத்தது 43 விக்கெட், சராசரி 47. முரளி 22 டெஸ்ட்டில் 105 விக்கெட், சராசரி 32.6. சுழல்பந்து வீச்சாளர்களை ஒப்பிட உட்கார்ந்தவர், சுழல்பந்தை மிக நன்றாக ஆடிய அணியை மட்டும் விட்டுவிட்டு ஒப்பிடுகிறார். மறதி என்று நினைக்க மனம் வரவில்லை.

அடுத்தது சொந்த மண். காலியிலும் கண்டியிலும் எஸ்.எஸ்.சி.யிலும் முரளிக்கென்றே செய்துவைத்த ஆடுகளங்கள், அங்கே யார் போட்டாலும் விக்கெட் விழும் என்கிறார். யார் போட்டாலும் என்றால் வோர்ன் போட்டாலும் விழ வேண்டும் அல்லவா? அவரும் வந்து போட்டார். இலங்கையில் 9 டெஸ்ட், 48 விக்கெட், சராசரி 20.45. அற்புதமான பந்துவீச்சு, சந்தேகமே இல்லை. டெஸ்ட்டுக்கு 5.3 விக்கெட். அதே மண்ணில் முரளி 73 டெஸ்ட்டில் 493 விக்கெட், சராசரி 19.56, டெஸ்ட்டுக்கு 6.8. 9 டெஸ்ட் ஆடியவரை, 18 வருஷம் அதே தரத்தில் ஆடியவர் முந்துகிறார். வெளிநாட்டிலோ முரளிக்கு 60 டெஸ்ட்டில் 307 விக்கெட், டெஸ்ட்டுக்கு 5.1. இது வோர்ன் உள்ளும் வெளியும் சேர்த்து எடுத்த 4.9ஐவிட அதிகம். சராசரி ஏறுகிறது, 28ஐ நெருங்குகிறது. வெளிநாட்டுச் சராசரியில் வோர்ன் மேலே. அதை நான் மறைக்கவில்லை. நண்பரும் என்னைப் போல இரண்டு பக்கத்தையும் எழுதியிருந்தால் இந்த எதிர்வினைக்கே வேலை இல்லை.

அவுஸ்திரேலியாவில் முரளி தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 5 டெஸ்ட், 12 விக்கெட், சராசரி 75க்கு மேல். படுதோல்வி. இந்தியாவிலும் அவருக்குச் சராசரி 45. எல்லா மண்ணிலும் வென்றவர்தான் மிகச் சிறந்தவர் என்று விதி போட்டால் முரளி வெளியே போகட்டும். ஆனால் இந்திய மண்ணில் 9 டெஸ்ட்டில் 34 விக்கெட்டை 43 ஓட்டச் சராசரியில் எடுத்த வோர்னும் அதே வாசலால்தான் போக வேண்டும்.

இனி, நண்பர் தன் கெட்டித்தனத்தின் உச்சம் என்று நினைக்கிற வாதத்துக்கு வருவோம். முரளிக்குப் போட்டிக்கு ஆளே இல்லையாம். மறுமுனையில் விக்கெட் எடுக்க ஒருவரும் இல்லாததால் எல்லாம் இவர் மடியில் விழுந்ததாம். வோர்னோ தன் அணியின் வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத்தோடு பங்குபோட வேண்டியிருந்தது, பாவம்.

எங்கள் கேகாலை மாவட்டத்து றப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்து மலைக்கு ஆள் வராத நாளில் அந்த மரங்களையும் சேர்த்து வெட்டி, வாளிகளைச் சுமந்துகொண்டு நிறுவைக்கு வருகிறவரிடம், வேறு ஆள் இல்லாததால்தானே உனக்கு இவ்வளவு பால் என்று எந்தக் கங்காணியும் கேட்டதில்லை.

முரளி அதிகமாகப் போட்டார், அது உண்மை. டெஸ்ட்டுக்குச் சராசரி 55 ஓவர், வோர்ன் 47. ஆனால் அதிகம் போட்டதால் மட்டும் அதிகம் எடுத்தார் என்றால், பந்துக் கணக்கில் பின்தங்கியிருக்க வேண்டும். பின்தங்கவில்லை. ஒரு விக்கெட்டுக்கு முரளிக்குத் தேவைப்பட்டது 55 பந்து, வோர்னுக்கு 57. ஓவருக்குக் கொடுத்த ஓட்டமும் முரளிக்குத்தான் குறைவு, 2.47க்கு 2.65. களைத்த தோளோடு, எதிரணி முழுவதும் இவர் ஒருவரைச் சமாளித்தால் போதும் என்று திட்டம் போட்டு வந்த நிலையில், இந்தக் கணக்கு. வோர்னும் மெக்ராத்தும் 104 டெஸ்ட்டுகளில் சேர்ந்து ஆடி, இருவருமாக 1001 விக்கெட் எடுத்தார்கள். மெக்ராத்தின் ஓவரில் ஓட்டம் வராமல் மூச்சு முட்டிய துடுப்பாட்டக்காரன் மறுமுனையில் வோர்னிடம் துணிந்து அடிக்கப் போய் மாட்டிக்கொள்வான். பங்காளி பறித்துக்கொண்டதை மட்டும் எண்ணுகிற நண்பர், பங்காளி பிடித்துக் கொடுத்ததை எண்ணவில்லை. முரளிக்கு அப்படி ஒருவர் அறவே இல்லை என்பதும் சரியல்ல. 355 விக்கெட் எடுத்த சமிந்த வாஸை ஆளே இல்லை என்று ஒதுக்குவது அநியாயம்.

1998 ஓகஸ்ட் கடைசி, ஓவல் மைதானம். ஒரேயொரு டெஸ்ட் போதும் இவர்களுக்கு என்று இங்கிலாந்து கொடுத்த ஒரேயொரு டெஸ்ட். நாணயச் சுழற்சியில் வென்ற இலங்கை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க, நல்ல ஆடுகளத்தில் எதிரணியை முதலில் ஆடச் சொன்னார். பைத்தியமா என்று கேட்டார்கள். தன்னிடம் இருப்பது ஒரேயொரு ஆயுதம், இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவே அதற்கு ஓய்வு வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. முதல் இன்னிங்ஸில் முரளி 59.3 ஓவர், 155 ஓட்டம், 7 விக்கெட். சனத் ஜயசூரியவின் 213ஐயும் அரவிந்த டி சில்வாவின் 152ஐயும் வைத்து இலங்கை 591 அடித்தது. அந்த நேரத்தில் முரளி காலை நீட்டிப் படுத்திருந்தாரோ என்னவோ. திரும்பி வந்து 54.2 ஓவர், 65 ஓட்டம், 9 விக்கெட். விடுபட்ட அந்த ஒன்று அலெக் ஸ்டுவர்ட்டின் ரன் அவுட். இரண்டு இன்னிங்ஸிலுமாக 114 ஓவருக்கு ஒரு பந்து குறைவு. இலங்கை இங்கிலாந்து மண்ணில் வென்ற முதல் டெஸ்ட் அது. இதைப் பார்த்துவிட்டுப் போட்டிக்கு ஆள் இல்லாததால் கிடைத்த லாபம் என்று எழுதுவதற்கு ஒரு தனி மனத்திடம் வேண்டும்.

முரளி ஆடி இலங்கை வென்ற டெஸ்ட்டுகள் 54. அவற்றில் அவர் எடுத்தது 438 விக்கெட், டெஸ்ட்டுக்கு 8, சராசரி 16. வோர்ன் வென்ற 92 டெஸ்ட்டுகளில் 510, டெஸ்ட்டுக்கு 5.5. வோர்ன் இல்லாத அவுஸ்திரேலியாவும் வெல்லும். முரளி இல்லாத இலங்கை பெரும்பாலும் சமநிலைக்குத்தான் பிரார்த்தித்தது.

இந்தக் கூத்து நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவர் என்று ஓர் இடம். பாய்ந்தோடிப் போய், வீசப்படும் பந்தைப் பிடிப்பது அவருடைய தொழில். அதில் ஜெரி ரைஸ் 1985 முதல் 2004 வரை ஆடி 1,549 பந்துகளைப் பிடித்து 22,895 யார் கடந்தார். அடுத்த இடத்திலுள்ள லரி ஃபிட்ஸ்ஜெரல்ட் 17,492லேயே நின்றுவிட்டார். ஆனாலும் அங்கேயும் ஒரு கூட்டம், திறமையில் ரண்டி மொஸ்தான் பெரியவர், ரைஸுக்கு ஜோ மொன்டானாவும் ஸ்டீவ் யங்கும் பந்து வீசிக் கொடுத்தார்கள் என்று வாதாடுகிறது. கூட்டாளி நல்லவராக இருந்ததால் ரைஸின் சாதனை குறைகிறது; கூட்டாளி இல்லாததால் முரளியின் சாதனை குறைகிறது. அப்படியானால் குறையாமல் இருக்க ஒரு மனிதன் என்னதான் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தால் உதவியாக இருக்கும்.

கடைசியில், முரளி பந்தை வீசுகிறாரா எறிகிறாரா என்ற கை விவகாரம். நண்பர் இதை நேராகச் சொல்லவில்லை. ஐயம் இருக்கிறது, விதியையே மாற்றினார்கள் என்று ஓரமாகக் கிள்ளிவிட்டுப் போகிறார். நேராகச் சொல்கிற துணிச்சலாவது நடுவர் டெரல் ஹெயாருக்கு இருந்தது.

1995 டிசெம்பர் 26, மெல்பேர்ன், 55,000 பேருக்கு முன்னால், ஹெயார் 3 ஓவருக்குள் 7 தடவை முரளியின் பந்தை எறிபந்து என்று நோ-போல் கொடுத்தார். பந்து வீசும் முனையில் நின்றுகொண்டு கொடுத்தார். முழங்கை மடிகிறதா என்பதைப் பக்கவாட்டில், ஸ்குவெயார் லெக்கில் நிற்கும் நடுவரே பார்த்துச் சொல்வது வழக்கம். பிறகு முரளியை மறுமுனைக்கு மாற்றினார்கள். அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை. இப்போது பக்கவாட்டில் நின்று நன்றாகப் பார்க்கக்கூடிய ஹெயாரும் வாய் திறக்கவில்லை. முரளி மேலும் 32 ஓவர் போட்டார். ஒரே டெஸ்ட், ஒரே கை, ஒரே பந்து. பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் நடுவர் ரொஸ் எமர்சன் ஒருபடி மேலே போய், முரளி லெக் பிரேக் போட்டபோதும் நோ-போல் சொன்னார். அவுஸ்திரேலியாவில் முரளிக்கு 12 விக்கெட்தான் என்று எழுதும்போது இந்தச் சங்கதிக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

முரளியின் முழங்கை பிறப்பிலேயே முழுவதும் நிமிராது. வழமைக்கு மாறாகச் சுழலும் மணிக்கட்டும் தோளும் அதோடு சேரும்போது, முன்னால் நின்று பார்க்கும் கண்ணுக்குக் கை நிமிர்வது போலத் தோன்றும். 1996இலேயே மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் சோதித்து, இது கண்ணின் மயக்கம் என்றார்கள். 2004இல் முழங்கை அசையாதபடி பட்டை கட்டிக்கொண்டு, கமராவுக்கு முன்னால், ஓஃப் பிரேக்குக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ரா உட்படத் தன்னுடைய பந்துகளை மறுபடி போட்டுக் காட்டினார். ஒரு பந்துவீச்சாளன் தன் நேர்மையை நிரூபிக்க இதற்குமேல் என்ன செய்ய முடியும், சத்தியம் பண்ணுவதைத் தவிர?

விதி முரளிக்காக மாறியது என்கிறார் நண்பர். மாறியது உண்மை, காரணம்தான் பொய். பழைய விதி, முழங்கை நிமிர்வதற்குச் சுழல்பந்து வீச்சாளருக்கு 5 பாகை, வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகை என்று ஆளுக்கு ஆள் வேறுபட்டது. 2004இல் சம்பியன்ஸ் கிண்ணப் போட்டிகளில் பந்துவீச்சாளர்களைப் படமெடுத்து அளந்தபோது கிட்டத்தட்ட எல்லோருடைய முழங்கையும் ஓரளவு நிமிர்வது தெரிந்தது. யாருமே ஐயப்படாத வேகப்பந்து வீச்சாளர்களும் அதில் அடக்கம். பழைய விதியை அப்படியே அமுல்படுத்தியிருந்தால் பந்து போட ஆள் மிஞ்சியிருக்காது. அதனால்தான் 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்று வைத்தார்கள். இதை ஆராய்ந்த குழுவில் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் மைக்கல் ஹோல்டிங் இருந்தார். முரளியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர். அளவுகளைப் பார்த்த பிறகு நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்.

நண்பருடைய பக்கத்தில் நின்று பேசுவதற்கு ஒரே இடம் தூஸ்ரா. அது முதலில் 14 பாகை என்று வந்தது, திருத்தியபின் 10.2; இரண்டுமே பழைய 5ஐத் தாண்டுகின்றன. நான் அவராக இருந்தால் இதை வைத்துத்தான் வழக்கு நடத்தியிருப்பேன். ஆனால் 2004இல் போட்டித் தீர்ப்பாளர் கிறிஸ் புரோட் முறைப்பாடு செய்தது தூஸ்ராவைப் பற்றி மட்டுமே. வழமையான ஓஃப் பிரேக்கைப் பற்றி அல்ல. அதற்குள் முரளி 500 விக்கெட்டைத் தாண்டிவிட்டார். உலகின் தலைசிறந்த டெஸ்ட் பந்துவீச்சாளர் என்று விஸ்டன் அவரை வரிசைப்படுத்தியது 2002இல், 15 பாகை விதி வருவதற்கு இரண்டு வருஷத்துக்கும் முன்னால்.

ஐயம் இருந்தால் சாதனைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும் என்பது வாதமானால், 2003 உலகக் கிண்ணத்துக்கு முன் தடைசெய்யப்பட்ட மருந்து உட்கொண்டதற்காக வோர்ன் ஒரு வருஷம் தடைபட்டதும் கட்டுரையில் வர வேண்டும். அது ஐயம்கூட இல்லை, தீர்ப்பு. அவருடைய 708க்குப் பக்கத்தில் நான் குறி போடச் சொல்லவில்லை. முரளிக்கு மட்டும் பேனாவைத் திறக்காதீர்கள் என்கிறேன்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு விஷம் இருக்கிறது. தோட்டத்துத் தமிழர்கள் இரத்தபாசத்தில் முரளியைத் தூக்குகிறார்களாம். முரளி எங்கள் லயத்துக் காம்பராவில் பிறந்தவர் அல்லர், ஐயா. 1920இல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பாட்டனார் பிற்காலத்தில் திருச்சிக்கே திரும்பிப் போனார். தகப்பனார் கண்டிப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். மகன் படித்தது கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அவருக்கும் இடையிலுள்ள தூரம் எங்களுக்குத் தெரியாததல்ல. அவருடைய அரசியல் பேச்சு பிடிக்காத தமிழர்களும் ஏராளம். அந்த எதிர்ப்பில்தான் 2020இல் அவருடைய வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார். கண்ணை மூடிய பாசமாக இருந்தால் இது நடந்திருக்காது. 1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மறுபடியும் நோ-போல் சொன்னபோது, அணியை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய் நின்றவர் அர்ஜுன ரணதுங்க. முரளியின் பந்தில் டெஸ்ட்டுகளில் 77 பிடிகளை எடுத்தவர் மஹேல ஜயவர்தன. காலியில் 2010 ஜூலை 22 அன்று பிரக்யான் ஓஜாவை ஸ்லிப்பில் பிடித்து 800ஐ நிறைவாக்கியதும் அவரே. அவர்களுக்கெல்லாம் எந்த இரத்தபாசம்?

வோர்னின் பந்து அழகு என்பதில் நண்பரோடு நான் முழுமனதாக உடன்படுகிறேன். 1993 ஜூனில் ஓல்ட் ட்ரஃபர்டில் மைக் கெட்டிங்கின் லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி ஓஃப் ஸ்டம்பைத் தட்டிய பந்தை இன்று பார்த்தாலும் வாய் திறக்கும். அழகை வைத்து ஒருவரைப் பிடிக்கிறது என்று சொல்லலாம். அதற்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. நண்பர் அப்படிச் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் நானும் தலையாட்டிவிட்டு ஜினதாச கடைத் தலகுலியை வாயில் போட்டுக்கொண்டு போயிருப்பேன். அவர் கணக்கோடு வந்தார். ஆகவே மறுப்பு எழுதுவதானால் கணக்கோடு எழுதட்டும், இரண்டு பெயரையும் ஒரே பக்கத்தில் போட்டு எழுதட்டும். தொடக்கத்துக்கு ஒன்று நானே தருகிறேன். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முரளி 12 டெஸ்ட்டில் 82 விக்கெட். வோர்ன் 19 டெஸ்ட்டில் 65. இதற்கு என்ன விளக்கம் என்பது முதல் பக்கத்திலேயே வரட்டும்.